நேந்திரனுக்குள் ஒரு வித்து

வாஞ்சிநாதன் வாழைப்பழத்தைக் கடித்துத் தின்று யாரும் பார்த்ததில்லை. தோலை உரிப்பார், சட்டைப்பையிலிருந்து சவர பிளேடை எடுப்பார், வட்ட வட்டமாக அரிந்து ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கல்யாணப் பந்தியிலும் இதே கூத்துதான். ஒரு தடவை கோயிலில் கொடுத்த பிரசாதப் பழத்துக்கும் பிளேடு வெளியே வந்தது. அர்ச்சகர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அவர் தேடுவது ஒரு வித்து. எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். ஆராய்ச்சி செய்யும்படி அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனாலேயே மட்டாஞ்சேரி வாடகை வீட்டின் கொல்லையில் நேந்திரன் வாழைகளையும், மலையிலிருந்து சுமந்து வந்த காட்டு வாழை ஒன்றையும் வளர்க்கிறார். காட்டு வாழைப் பழத்தில் சதையைவிட வித்துதான் அதிகம். ஆனால் வாடல் நோய் அதன் பக்கம் எட்டிப் பார்க்காது. காலையில் ஏணி போட்டு ஏறி, அதன் மகரந்தத்தை நேந்திரன் பூவில் தூரிகையால் தடவுவார். என்றைக்காவது ஒரு காயில் ஒரு வித்து பிடிக்கும், அதிலிருந்து நோய் தொடாத நேந்திரன் பிறக்கும் என்பது கணக்கு. பிறக்கப்போகும் வாழைக்குப் பெயர்கூட வைத்தாயிற்று: 'வாஞ்சி நேந்திரன்'.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாய் விரித்து மிளகு காயவைக்கும் வியாபாரி முகைதீன் பிச்சைதான் வீட்டுக்காரர். "படைச்சவன் வித்தில்லாத பழத்தைத் தந்தான். ஸாரு அதுல போய் வித்து தேடுறாரு. அடுத்தாப்ல கரிமீனுக்குக் கொம்பு வைப்பாராக்கும்" என்பார். வாஞ்சிநாதன் காதில் விழாததுபோல் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறுவார்.

அரிந்த பழங்கள் அத்தனையும் பிரதமன் பாயசமாகிவிடும். "உங்களுக்கு ஒரு வித்து கிட்டட்டும்னு தேவிக்கு நேந்துண்டிருக்கேன். பிரதமன் குடிச்சுக் குடிச்சு நேக்கு வயறு கேடாயாச்சு" என்பாள் மனைவி லோகாம்பாள்.

ஆசாரத்தில் மனிதர் நெருப்பு. சாயாக்கடை கிளாஸை உதட்டில் பட விடமாட்டார். மனைவி குடித்த டம்ளரைக் கழுவிய பிறகும் முகர்ந்து பார்ப்பார். எச்சில் இலை கிடக்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பமாட்டார்.

போன மாதம் தேவி மனமிரங்கினாள். ஒரு பழத்தில் பிளேடு தடுக்கி நின்றது. கறுப்பாக, உருண்டையாக, ஒன்றே ஒன்று. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கழுவித் துடைத்துப் பீங்கான் சாஸரில் வைத்து ஜன்னலோரம் உலர்த்தினார். லோகாம்பாளிடம் மூச்சு விடவில்லை; இதெல்லாம் அவளுக்கு என்ன புரியும்? விவசாயப் பண்ணை அதிகாரி செல்லப்பாவிடம் மட்டும் சொன்னார். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அவருக்குத் திருப்தியானால் பண்ணையிலேயே ஆராய்ச்சி வேலை. இல்லாவிட்டால் மாணவர்களுக்கு வெங்காயத் தோலை உரித்துக் காட்டிக்கொண்டே ரிட்டயராக வேண்டியதுதான்.

ஞாயிறு காலை அதிகாரியை அழைத்துவரப் படகுத்துறைக்குப் போனார். மட்டாஞ்சேரியில் மிளகு காற்றோடு வரும், காலோடு வரும். கண்ணில் பட்டதைப் பொறுக்கி அஞ்சறைப்பெட்டியில் போடுவது அங்கே குடித்தனம் செய்கிறவர்களின் கைப்பழக்கம். விருந்தாளிக்காக வெண்பொங்கல் கிளறிக்கொண்டிருந்த லோகாம்பாளின் கைக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

அதிகாரியை இலைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனவர், காலி சாஸரோடு அடுக்களைக்கு ஓடிவந்தார்.

"இதுல இருந்தது எங்கேடி?"

"ஒத்தை மிளகுதானே? நெய்யில வறுத்துப் பொங்கல்ல போட்டாச்சு. எந்தா, ஒரு மிளகுக்கா இத்தனை பஹளம்?"

கூடத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். செல்லப்பா தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பொங்கல் பிரமாதம் சார். ஒரு மிளகு மட்டும் கல்லாட்டம் இருக்கு" என்று வாயிலிருந்து எடுத்து இலையோரம் ஒதுக்கினார். "சரி, எங்கே உங்க வித்து? கொண்டாங்க, பார்ப்போம்."

வாஞ்சிநாதன் குனிந்தார். அதிகாரியின் எச்சில் இலையிலிருந்து அந்த ஒன்றை மட்டும் இரண்டு விரலால் எடுத்து, நெய்யை வேஷ்டியில் துடைத்தார். நேரே கொல்லைக்குப் போய், தயாராக மண் நிரப்பி வைத்திருந்த தொட்டியில் அதை அழுத்திப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினார்.