என் வீட்டுக்காரரின் ஒரு லிட்டர்

விளாங்குடியில் எங்கள் தெருவில் தண்ணீரைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. போர்த் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீர் வருகிற நாளில்தான் வரும். அதனால் கேன் வாங்குகிறவர்கள் ஒரு கட்சி, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் இன்னொரு கட்சி. நான் காய்ச்சுகிற கட்சி. எங்கே நிரப்பினார்கள், எப்போது கழுவினார்கள் என்று தெரியாத கேனை நம்புவதற்கு என் அடுப்பையே நம்பலாம். வெளியூர் போனால் மட்டும் பாட்டில் வாங்குவேன். சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, குடித்து முடித்ததும் நசுக்கித்தான் போடுவேன். பொறுக்கி எடுத்துப் பழையபடி நிரப்பி விற்கிறவனுக்கு நான் எதற்கு ஒத்தாசை செய்ய வேண்டும்?

இந்த வியாக்கியானமெல்லாம் என் வீட்டுக்காரருக்குக் கிட்னி பழுதாகிற வரைக்கும்தான்.

வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆனது. சிறுநீர் சரியாக இறங்காத உடம்பு, குடிக்கிற தண்ணீர் உள்ளேயே தங்கி மூச்சை முட்டும், ஆகவே நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். மதுரை வெயிலில் ஒரு லிட்டர்! அவரோ வெளியே வந்ததும் பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி, என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

“பாரு, கடைக்காரன் அளந்தே வச்சிருக்கான். நமக்கு வேலை மிச்சம்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டில் புகுந்தது. தினமும் காலையில் காய்ச்சி ஆறிய தண்ணீரை அதில் நிரப்பி வைப்பேன். பாட்டில் பழசானால் புதுசு வாங்குவோம். நான் காபி கொடுத்தால், அதே டம்ளரில் பாட்டில் தண்ணீரை அளந்து கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் காபியைக் கையில் எடுப்பார். நாக்கு வறண்டால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். பிறகு ஒரு சொட்டு உள்ளே போகாமல் அத்தனையையும் துப்பிவிடுவார். கோபம் வந்தாலே ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறவள் நான். என்னால் ஆகாது. கல்யாணமான புதிதில் இவரிடம் மெச்சிக்கொள்ள எனக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. இந்த வைராக்கியத்தைப் பார்த்தபிறகு மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வியாதியை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அவருடைய தங்கையிடம் மட்டும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். உடன்பிறப்பு என்று இவருக்கு அவள் ஒருத்திதான்.

“தெரிஞ்சா அன்னைக்கே கிட்னியத் தாரேன்னு வந்து நிப்பா. சின்னச் சின்னப் பிள்ளைகள வச்சிருக்கா. வேணாம்” என்றார். ஊசித் தழும்பு தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டைக்கு மாறினார்.

அந்தத் தங்கை சித்திரை மாதத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக்கொண்டார். அன்றைய பங்கு அதுதான். அனல் காற்றில் செக்கானூரணி தாண்டுவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. நாங்கள் வாசலில் கால் வைத்ததும் நாத்தனார் ததும்பத் ததும்ப ஒரு சொம்போடு ஓடி வந்தாள்.

“அண்ணே, நம்ம போர்ல விழுந்த தண்ணிண்ணே. இளநி மாதிரி இருக்கு. ஒங்களுக்காகத்தான் மொதச் சொம்ப எடுத்து வச்சிருக்கேன்.”

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் வாசலில் நீட்டுகிற தண்ணீரை வாங்கி ஒரு மடக்காவது குடிக்க வேண்டும். பகையாளிதான் வேண்டாம் என்பான். இவர் சொம்பைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு கையிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“இருக்கட்டும் தாயி. இது இருக்கு.”

“டவுன்காரகளுக்குப் பாட்டில் தண்ணிதான் எறங்கும் போல” என்று பந்தலில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது.

“எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகாதாண்ணே?”

இவர் சிரித்து மழுப்பியபடி உள்ளே போய்விட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் நான் பிடித்துக்கொண்டேன். “ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுத்திருக்கலாம்ல? அம்புட்டுப் பேருக்கு முன்னால அவள அவமானப்படுத்தணுமா?”

“அந்தச் சொம்பக் கையில வாங்கியிருந்தா ஒரு வாயோட நிறுத்தியிருக்க மாட்டேன்” என்றார். “எம்புட்டுத் தாகம்னு ஒனக்குத் தெரியாது.”



நாத்தனாரிடமிருந்து போன் வருவது நின்றது. தீபாவளிக்குக்கூடப் பேசவில்லை. பொங்கல் நெருங்கியபோது, சீர் கொண்டுவர எப்போது வரட்டும் என்று கேட்க இவரே போன் போட்டார். அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“பாட்டில் தண்ணி வாங்கி வைக்க எங்களுக்கு வசதி இல்லண்ணே. நீங்க வர வேணாம்.”

இவர் போனை மெதுவாக வைத்தார். “கோவமாவே இருக்கட்டும். நல்லா இருந்தாச் சரி” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. இப்படி ஒரு மனிதரை இவள் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆத்திரம் தலைக்கேறியது. கட்டளையாவது மண்ணாவது. கொல்லைப்புறம் போய் அவளைக் கூப்பிட்டு, டயாலிசிஸ், ஒரு லிட்டர், அந்தச் சொம்பை அவர் ஏன் தொடவில்லை, ஏன் அவளிடம் மறைத்தார் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“அண்ணனுக்கு என்ன குரூப்பு, மதினி?” என்று கேட்டாள்.

சொன்னேன். வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். இவருக்கு உடனே புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவள் நேரே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றி, தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“எனக்கும் ஒங்க குரூப்புதாண்ணே. பிரசவத்தப்பப் பாத்துச் சொன்னாக. எங்க வீட்ல அவுககிட்டயும் கேட்டுட்டேன். ராவெல்லாம் யோசிச்சாக, காலையில சரின்னுட்டாக. கெளம்புங்க, டாக்டரப் போய்ப் பாப்போம்.”

“கிறுக்கு மாதிரிப் பேசாத தாயி. ஒனக்குச் சின்னப் பிள்ளைக இருக்கு.”

“இருக்குல்ல? அதுகளுக்கு மாமன் வேணாமா?”

கதவுக்குப் பின்னால் எனக்கு அழுகை முட்டியது. எனக்குத் தெரிந்த வைராக்கியசாலி ஒருத்தர்தான் என்று நினைத்திருந்தேன், இரண்டு பேர் இருக்கிறார்கள். கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வரச் சொன்னார்.