மொட்டையடித்த கிட்டார்காரன்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கிள்ளானில் இருந்த எங்கள் ராக் குழுவுக்கு முதல் கேசட் வாய்ப்பு வந்தது. பாட்டுகள் மலாயில். பாடியவன் என் பள்ளித் தோழன், கிட்டார் நான். முடி முதுகு வரை தொங்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அப்பா அதற்காகவே மூன்று வருடமாக என்னோடு பேசவில்லை. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் அம்மாவைப் பார்க்கப் போவேன்.

பதிவு முடிந்தது. ஒரு பாட்டின் நடுவே கிட்டார் மட்டும் தனியாக வரும். அதை விரல் நுனி வெடிக்கும்வரை திரும்பத் திரும்ப வாசித்திருந்தேன். அட்டைப் படம் எடுக்க நான்கு நாள் இருக்கும்போது, அப்பா வேலையிடத்திலேயே மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார்.

நான் ஒரே மகன். கொள்ளி வைப்பவன் மொட்டையடிக்க வேண்டும்.

"முடியலன்னா சொல்லுய்யா, நான் வைக்கிறேன்" என்றார் சித்தப்பா. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்தேன். முடி மடியில் விழ விழ, அப்பா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அழுகை வரவில்லை.

மறுநாள் தோழன் வீட்டுக்கு வந்தான். "மொட்டைய வச்சு படம் எடுக்க முடியாதுங்கிறான் கம்பெனிக்காரன். இந்த ஒரு தடவதான்லா, கோவிச்சுக்காதடா."

"தொப்பி போட்டுக்கிறேன்லா."

அவன் செருப்பைத் தேடினான்.

என் கிட்டார் ஸ்டூடியோவிலேயே இருந்தது. அட்டையில் அதைப் பிடித்து நின்றவனை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. டிவியிலும் அவனே வந்தான்.

"இது நீ வாசிச்சதுதானே? அவன் ஏன் கைய ஆட்டுறான்?" என்று அம்மா கேட்டார். எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

சுங்கை வே வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். முடி தோளைத் தொட்டதும் தோழனிடம் போனேன். "ஜனங்களுக்கு அவன் மூஞ்சிதான்டா தெரியும்" என்றான்.

அடுத்த வருடம் தோழனே தொழிற்சாலை வாசலில் வந்து நின்றான். "அவனுக்கு வாசிக்க வராதுடா. ரெக்கார்டிங்குக்கு மட்டும் நீ வா."

அறைந்திருக்க வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போனேன். அடுத்த கேசட்டுக்கும், அதற்கடுத்ததற்கும் போனேன். அவ்வளவு சத்தமாக வாசிக்க எனக்கு வேறு இடம் கிடையாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்றும் என்னிடம் பரிதாபப்படுகிறார்கள். முதல் தடவை ஏமாற்றினார்கள், உண்மைதான். மற்றதற்கெல்லாம் பஸ் பிடித்து நானாகவே போனேன்.