துரை எடுத்துக்கொண்ட சுருட்டு

பிள்ளைகளே, நான் சர்வேயரிடம் செயின்மேனாகச் சேர்ந்த முதல் நாளே ஊர் எங்களைக் கண்டு ஓடியது. அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வருவதற்காக நிலம் அளந்துகொண்டிருந்தோம். நான் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவேன். உச்சி வெயிலில் அந்தச் சத்தம் கேட்டதும், கழனியில் களை எடுத்த பெண்கள், "ஐயோ, தொரை வந்துட்டாரு!" என்று வரப்பில் ஓடினார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் பாதைக்கு நிலம் அளக்க வந்த துரை ஒருவர் காய்ச்சலில் செத்து அங்கேயே புதைக்கப்பட்டாராம். மதியத்தில் பேயாகச் சங்கிலியோடு நடப்பாராம். வெள்ளிக்கிழமை அவர் சமாதியில் சுருட்டு வைப்பார்களாம்.

எனக்கு அப்போது சுருட்டுப் பழக்கம். செத்தவர் எங்கே கேட்கப்போகிறார் என்று அந்த வெள்ளிக்கிழமை ஒன்றை எடுத்துப் புகைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பெண் சமாதியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா தொரை, உனுக்குக் கண்ணு இல்லியா? அந்தாளுக்கு எங்க நைனா வயசு. மூத்த சம்சாரத்த அடிச்சே தொரத்தினவன். போயும் போயும் அவனுக்கா சம்மதம் சொன்ன?"

என்ன விஷயம் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குக் கேட்டு காலைல வெச்ச சுருட்டு சாயங்காலம் காணாப்பூட்டா தொரை சரின்னுட்டாருன்னு அர்த்தம். நேத்து எங்க நைனா வெச்சது காணாப்பூட்ச்சு. திங்கக்கெழம தட்டு மாத்தறாங்க" என்று அழுதாள். அவள் பெயர் சரோஜா.

சர்வேயர் ஐயாவிடம் சொன்னேன். "வாயை மூடிக்கினு சங்கிலியப் புடி. தெரிஞ்சா ஊரே ஒதைக்கும். உன் டெம்பரவரி வேலையும் போயிடும்" என்றார்.

சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு அவள் அப்பா முனுசாமி வீட்டுக்குப் போனேன்.

"நைனா, அந்தச் சுருட்ட தொரை எடுக்கல. நான்தான் குட்ச்சேன்."

"தொரைக்கு வெச்சதயா?"

"ஆமா நைனா."

"அடப்பாவி, உனுக்கு ஒரு பீடி கெடைக்கலியா? எம்பொண்ணக் கெணத்துல தள்ளப் பாத்தியே!"

விளக்குமாற்றால் இரண்டு அடி விழுந்தது. உள்ளேயிருந்து சரோஜா, "போதும் நைனா, அவரா வந்து சொன்னாரு இல்ல" என்றாள்.

அடுத்த வெள்ளிவரை பொறுக்காமல் ஞாயிறன்றே முனுசாமி புதுச் சுருட்டு வைத்து, பகல் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். சாயங்காலம்வரை சுருட்டு அசையவேயில்லை. தட்டு மாற்றுவது நின்றது. ஐயா இரண்டு நாள் முறைத்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை.

சில மாதம் கழித்து என் அம்மா போய் எனக்குச் சரோஜாவைப் பெண் கேட்டார். முனுசாமி மறுபடியும் சுருட்டு வைத்தார். சத்தியமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் சுருட்டைக் காணோம். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "தொரையப் போயி கேளு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றுவரை அதே பதில்தான்.

வேலை செய்யும் இடத்தில் தவறு நடக்கும். நடந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். எனக்கு விழுந்தது இரண்டு அடிதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்கள் அம்மாவுக்கு ஆயுள் முழுக்க விழுந்திருக்கும்.