சாரம் கட்டியவன் நான்

பொன்னமராவதியில் இரண்டு கல்யாண மண்டபம். கோட்டைப்பட்டினத்தில் உப்புக்காற்றுக்கு அசையாத ஒரு ஐஸ் கம்பெனி. சித்தன்னவாசல் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம், ஆவூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் மணிக்கூண்டு. வீடுகள் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. இவ்வளவையும் கட்டியவன் இரண்டாம் வகுப்போடு நின்றவன். தகப்பன் சொத்தென்று எனக்குச் சிமெண்டு பூசும் ஒரு கரணைகூட வரவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் எங்கள் அக்காவுக்குச் சேர வேண்டியது. அவர்களுடைய முதலாண்டு நினைவு நாளுக்கு இந்த மலரை அச்சடித்துப் போடுகிறோம். அக்காவின் மூத்த மகன், என் மருமகன், தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். அதில், ‘விதிவசத்தால் கால் இடறிச் சாரத்திலிருந்து விழுந்தார்கள்’ என்று ஒரு வரி இருந்தது.

“அது அப்பிடியில்ல மாப்ள. நான் கட்டுன சாரம் அவுந்துச்சு. அதை எழுது” என்றேன்.

“அம்மா கடைசி வரைக்கும் காலு வழுக்கிருச்சுன்னுதானே சொன்னாங்க? விடுங்க மாமா, நாலு பேரு படிக்கிறது.”

“படிக்கத்தானே மாப்ள அச்சடிக்கிறோம்?”

அவர் அந்த வரியை மாற்றவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அன்னவாசலுக்கு வடக்கே ஒரு வானம் பார்த்த ஊரில். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார்கள். அத்தான் நெஞ்சுவலியில் போனபோது அக்காவுக்கு இருபத்தாறு வயது, இரண்டு பையன்கள். மறுமாதமே சித்தாள் வேலைக்குக் கிளம்பினார்கள். சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் இழுத்துப்போய், “இவனையும் சேத்துக்கங்க, தின்ன சோத்துக்காவது வேலை பாப்பான்” என்று மேஸ்திரியிடம் விட்டார்கள்.

ஆறு வருடத்தில் நான் தனியாக வேலை எடுத்தேன். அக்கா என்னிடமே சித்தாள். சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவதில் என் வேகம் யாருக்கும் வராது. எல்லோரும் பார்க்கட்டும் என்றே வேகமாகக் கட்டுவேன். அக்கா விழுந்த அன்று ஒரு மாடி வீட்டுப் பூச்சு வேலை. கயிற்றை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு சுற்றோடு இறங்கிவிட்டேன். கலவைச் சட்டியோடு ஏறிய அக்கா பலகையோடு கீழே வந்தார்கள். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது.

கூட்டம் கூடி, யார் கட்டிய சாரம் என்று கேட்டது. நான் வாயைத் திறக்குமுன், மண்ணில் கிடந்தபடியே அக்கா, “என் காலு வழுக்கிருச்சு” என்றார்கள்.

ஆஸ்பத்திரியில், “ஏன்க்கா அப்பிடிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“நீ கட்டுன சாரம் அவுந்துச்சுன்னா நாளைக்கு எந்தச் சித்தாளுடா ஏறுவா? எம்புள்ளைகளுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? வாய மூடிட்டு வேலையப் பாரு.”

மூடினேன். இத்தனை வருடமும் மூடியே இருந்தேன்.

ஏழு மாதம் படுக்கை. “சோத்தத் தின்னுட்டுச் செவுத்தப் பாக்குறதுக்கா இந்த உசுரு கெடக்கு?” என்று ஒருநாள் அழுதார்கள். எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்ததும் மொபெட்டில் வைத்து, வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போய் மர நிழலில் நாற்காலி போட்டேன்.

என்ஜினீயர் கொடுக்கும் பிளான் எனக்கு விளங்காது. விளங்கியதுபோல் தலையாட்டுவேன். அப்படித்தான் கிழக்கு வாசல் வைக்க வேண்டிய ஒரு வீட்டுக்குப் பிளானைத் தலைகீழாகப் பிடித்து, மேற்கே வாசல் விட்டு அஸ்திவாரம் தோண்டிவிட்டேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ஏங்க மேஸ்திரி, நாங்க எங்க வீட்டுக்குக் கொல்லப்பக்கமாத்தான் வரணுமா?” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார்கள்.

“இந்தா அம்பு போட்டிருக்குல்ல, இங்கிட்டுதான்டா வடக்கு. திருப்பிப் புடி, பெரிய மேஸ்திரி!”

அன்றிலிருந்து பிளான் அக்கா கையில். ஊன்றுகோலோடு நின்று, டேப் பிடிக்கச் சொல்லி, சுண்ணாம்புத் தூளால் முழு வீட்டையும் தரையில் கோலம் போல் போட்டுவிடுவார்கள். அறை அறையாக நடந்து பார்த்து, “இந்த அடுப்படியில ரெண்டு பொம்பளைக நின்னா இடிச்சுக்குவாளுக” என்று என்ஜினீயரையே திருத்தியதும் உண்டு. சித்தாள் பெண்களை உட்காரவைத்துப் பிளான் பார்க்கப் பழக்கினார்கள். அவர்களில் மூன்று பேர் இன்று தாங்களே வேலை எடுத்துச் செய்கிறார்கள். “இடுப்பு நல்லாருந்திருந்தா இன்னைக்கும் சட்டிதான் தூக்கிக்கிட்டிருப்பேன்” என்று அக்கா சிரிப்பார்கள். அதை அவர்கள் சொல்லலாம். நான் சொல்லக்கூடாது.

கடைசிப் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார்கள். “புதுசாப் போட்ட மேல்தளத்துக்குத் தண்ணி விட்டியாடா?” என்பதே என்னிடம் கடைசியாகக் கேட்டது.

இடுப்பு உடைந்து கிடந்த அந்த ஏழு மாதமும் அக்காவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிய பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், இறுதிக் காரியத்துக்குக் கோட்டைப்பட்டினத்திலிருந்து வேன் வைத்து வந்த ஐஸ் கம்பெனி பாய்மார்களுக்கும், பாடையைக் கீழே வைக்காமல் தோள் மாற்றிக் கொண்டுபோன என் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

மருமகனே, விதி ஒருநாளும் எனக்குச் சாரம் கட்ட வந்ததில்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்தது அக்காவின் பங்கு. விழவைத்தது என் பங்கு, அதை விதிக்குத் தூக்கிக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். எழுத்துப் பிழையை அச்சகத்தார் திருத்தட்டும். உங்கள் வரியை நீங்கள் திருத்துங்கள். ‘தம்பி கட்டிய சாரம் அவிழ்ந்து விழுந்தார்கள்’ என்று போட்டு, பக்கத்திலேயே என் பெயரையும் முழுசாகப் போடுங்கள்.