வாசலில் வேப்பிலை

எதிர்வீட்டில் பல வருடமாக ஒரே தறியில் நெய்து, ஒரே பாயில் படுத்த ஆண்கள் இரண்டு பேர். தெரு அவர்களை அண்ணன் தம்பி என்றது, எனக்குத் தெரியாதா?

மூத்தவருக்குப் புற்றுநோய் முற்றி, டாக்டர் கைவிட்டுவிட்டார். அதுவரை எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் ஆப்பிளோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. கூடவே வாழ்ந்தவர் அடுப்படியில் அவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"போறதுக்குள்ள அவன்கிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேச முடியல ஆயா" என்றார்.

வாசலில் வேப்பிலையைச் செருகினேன். "போர்வைக்குள்ள அவருக்கு ஒடம்பெல்லாம் அம்மை போட்டுக்கினு இருக்குதுபா, தொத்திக்கும்" என்றேன். பாசமெல்லாம் செருப்பைத் தேடி ஓடியது.

இளையவர் கட்டிலில் ஏறிப் படுத்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"ஆயா, கண்ண மூடிக்கோ" என்றார் மூத்தவர், மூச்சு வாங்க.

"எனக்குப் பார்வை போயி எவ்ளோ நாளாச்சி. நீங்க பேசுங்க" என்று கதவைச் சாத்தினேன்.