ரிவால்வருக்காக நான் தின்ற வாழைப்பழம்

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவார்; அப்புறம் பீரோவைத் திறப்பார். உள்ளே லைசென்ஸ் ரிவால்வர் இருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தவர், பச்சைத்தோல் வாங்க ஊர் ஊராகப் போகும்போது பாதுகாப்புக்கென்று வாங்கியது. சுதந்திரம் வந்த பிறகு அது சித்தப்பாவை மிரட்ட மட்டுமே பயன்பட்டது. ஷாப்பில் பங்கு கேட்டுச் சித்தப்பா வந்தால், "சுட்டுடுவேன்டா!" என்று அதை நீட்டுவார். தெருவே நடுங்கும். அம்மா மட்டும் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

அந்த மிஷின்மேல் எனக்கு உயிர். எட்டு வயசுக்காரியான என்னை, ஊசியைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மிதிக்க விடுவாள். "நல்லா மிதிடி. சத்தம் வரும், கையில குத்தாது" என்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை ரிவால்வரை அதிகாரியிடம் காட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். துடைப்பதெல்லாம் பொம்பளை வேலை என்பது அப்பாவின் கட்சி. அதனால் முந்தின நாள் அம்மாதான் அதைக் கழற்றி, மிஷின் எண்ணெய் போட்டு மாட்டிவைப்பாள். அந்த வருஷம் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அவள் கடைக்குப் போன நேரத்தில் தானே வேலையில் இறங்கிவிட்டார்.

தோட்டாக்களை உருவி அடுத்த அறையில் வைத்தார். காலி ஓட்டைகளை வெளிச்சத்தில் இரண்டு தரம் பார்த்தார். குழாய்க்கு நேரே நிற்கக் கூடாதென்று அப்பாவையே மூலைக்குத் துரத்தினார். பிறகு திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பினார். அம்மா கழற்றும்போதெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய நான், மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

"மாமா, ஒண்ணு கம்மியா இருக்குதே! தோட்டாவத் தட்டற ஊசியக் காணோம்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போன மாதம்தான் நான் புளியங்கொட்டையை விழுங்கி ஊரைக் கூட்டியிருந்தேன்.

"முழுங்கிட்டியாடி?"

"இல்லப்பா, சத்தியமா!"

ஊசியில்லாமல் அதிகாரியிடம் நீட்டினால் லைசென்ஸ் போகும், மானமும் போகும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். பீரோ காலி என்பதால் வாழைத்தாரை நோக்கி நடந்தார்.

விழுங்கினது வெளியே வரட்டுமென்று ஆறு பழம். அழுதுகொண்டே தின்றேன். ஏழாவதை மாமா உரிக்கும்போது அம்மா வந்துவிட்டாள். செய்தித்தாளையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று மிஷின் பக்கம் போய்க் குனிந்து எதையோ துழாவினாள்.

"இன்னா பேஜாரு பண்றீங்க கொழந்தைய? இதோ, இங்கதான் கெடக்குது."

ஊசி கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் அதிகாரி கையெழுத்துப் போட்டார். அப்பா மச்சான் முதுகில் தட்டிக்கொடுத்தார். என்னை யாரும் சீந்தவில்லை. அம்மா மட்டும் ரகசியமாக ஒரு மக்கன் பேடா மிட்டாய் தந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பொத்தான் டப்பாவைத் திறந்தால், அந்த ரிவால்வர் ஊசி!

"அம்மா, மறுபடி கழண்டு விழுந்துடுச்சு. அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வாய மூடினு மிதி" என்றாள்.

நானும் மறந்துபோனேன். அடுத்த வாரம் சித்தப்பா வந்தார். பேச்சு முற்றி, அப்பா இந்தத் தடவை நிஜமாகவே விசையை இழுத்துவிட்டார். டக்கென்று சத்தம் மட்டும் வந்தது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பாதான் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தோட்டா நமுத்துப்போச்சு என்று இருவரும் சேர்ந்து விற்றவனைத் திட்டினார்கள்.

அம்மா மிஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். தோட்டா நமுத்துப்போனதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.