சாணிப்பால் குறி

அப்பாவை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பட்டாளத்துக்காரர், குடும்பமே உயிர் என்று கிடந்தவர். பொய்யில்லை. எல்லையில் குண்டடி பட்ட காலை இழுத்துக்கொண்டே என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனவர். அம்மா காய்ச்சலில் படுத்தால் அவரே சமைப்பார், எனக்குத் தலை பின்னிவிடுவார். வகிடு மட்டும் கோணலாக இருக்கும்.

எங்கள் களத்து மேட்டில் ஒரு கூலிக் குடும்பம் குடிசை போட்டிருந்தது. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. ஆபீசர் பார்க்க வரும்போது குடிசை அங்கே இருந்தால் மேடு அவர்களுக்குப் போய்விடும். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அறுவடை நேரம். தூற்றிக் குவித்த நெல்லின்மேல் சாணிப்பால் ஊற்றிக் குறி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காய்ந்த கோடு கலைந்திருந்தால் யாரோ நெல்லில் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒருநாள் விடிந்ததும் எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் குவியலை மிதித்துத் தின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம ஆடுதாம்பா குறியக் கலைச்சுது."

"தெரியும். நீ வீட்டுக்குப் போம்மா, வெயில் ஏறுது."

அத்தனை கனிவாகச் சொன்னார். பிறகு ஊரைக் கூட்டினார். "திருட்டுப்பயலுக்கு என் எடத்துல என்னடா குடிசை?"

அந்தப் பெண் குழந்தையை அவர் காலடியில் கிடத்திவிட்டுக் கதறினாள்.

"புள்ள மேல சத்தியம் ஐயா, ஒரு மணி தொடலைங்க. பானையப் பாருங்க!"

பார்த்தார்கள். பானை காலி. அந்தக் காலிப் பானையையும் போட்டு உடைத்தார்கள். புருஷனைக் களத்துக் கம்பத்தில் கட்டிவைத்துவிட்டு, அவன் கண்ணெதிரிலேயே கீற்றைப் பிரித்தார்கள். அந்தக் குடும்பம் வேதாரண்யம் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டோம். ஆபீசர் வந்தபோது அங்கே எங்கள் வைக்கோல்போர்தான் நின்றது.

என்னை அப்பா ஒருநாளும் அதட்டியதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

"எல்லாம் உனக்குத்தாம்மா" என்று என் கல்யாணத்துக்கு அந்த மேட்டிலேயே மாடிவீடு கட்டிக் கொடுத்தார். அஸ்திவாரம் தோண்டியபோது கரி படிந்த அடுப்புக் கல் மூன்று கிடைத்தது. அவற்றையும் ஜல்லியோடு போட்டு மூடச் சொன்னார். அவரைக் கிடத்தியிருந்தது அந்த வீட்டுக் கூடத்தில்தான்.